சனிக்கிழமை ஆட்டத்தையாவது பகலில் நடத்துங்கள்: பேஸ்பால் ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் அவர்களும், முப்பது அணிகளின் உரிமையாளர்களும்.

ஆணையர் அவர்களுக்கு,

மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான, ஏழு ஆட்டம்வரை நீளும் உலகத் தொடருக்குப் பார்வையாளர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. 2025 தொடரின் ஏழாவது ஆட்டத்தை அமெரிக்கா, கனடா, ஜப்பான் மூன்று நாடுகளிலும் சேர்த்து 5 கோடிப் பேர் பார்த்தார்கள். அருமையான ஆட்டம் அது, நானும் கடைசிவரை பார்த்தேன். ஆனால் அந்த ஒரு எண்ணைக் காட்டிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவதையும், உலகத் தொடரின் ஆட்டங்களைக் கிழக்கு நேரம் இரவு எட்டு மணிக்கே தொடர்ந்து வைத்துவருவதையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். உங்கள் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதுகிறேன். இங்கே தமிழில் வெளியிடுவதற்குக் காரணம், என்னைப்போல இந்த நாட்டுக்கு வந்து, பிள்ளைகள் வழியாக இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். அவர்களும் இதைப் படித்து உங்களுக்கு எழுத வேண்டும்.

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். என் மகள் ஊர்ச் சிறுவர் அணியில் ஆடுகிறாள். அந்த அணிக்கு ஸ்கோர் எழுதுவது என் வேலை. அந்த இடத்தில் இருந்துதான் பேசுகிறேன்.

எண்களை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பேச்சு எப்போதும் போன வருடத்தை விட எவ்வளவு கூடியது என்பதிலேயே நின்றுவிடுகிறது. 1978-இல் நியூயார்க்கின் யாங்கீஸும் லாஸ் ஏஞ்சலிஸின் டாட்ஜர்ஸும் மோதிய தொடரை ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 4 கோடியே 42 லட்சம் பேர் பார்த்தார்கள். அன்று இந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 22 கோடி. 1991-இல் மினசோட்டாவும் அட்லாண்டாவும் ஆடின. நியூயார்க்கும் இல்லை, லாஸ் ஏஞ்சலிஸும் இல்லை, ஆனாலும் சராசரி மூன்றரைக் கோடியைத் தாண்டியது. 2004-இல் பாஸ்டன் கோப்பைக்கான தன் 86 வருடக் காத்திருப்பை முடித்தபோது இரண்டரைக் கோடி. 2012-இல் அது ஒன்றேகால் கோடியை ஒட்டி வந்துவிட்டது. 2020-இல் ஒரு கோடிக்கும் கீழே போனது. 2023-இல் டெக்சாஸும் அரிசோனாவும் ஆடிய தொடருக்குச் சராசரி 91 லட்சம்தான். உலகத் தொடருக்குக் கணக்கெடுக்கத் தொடங்கியதில் இருந்து அவ்வளவு கீழே போனதே இல்லை.

2024-இல் மறுபடி யாங்கீஸ், மறுபடி டாட்ஜர்ஸ். 1978-இல் மோதிய அதே இரண்டு அணிகள், நாட்டின் இரண்டு பெரிய நகரங்கள், டாட்ஜர்ஸ் பக்கம் நட்சத்திரம் ஒஹ்தானி, யாங்கீஸ் பக்கம் ஜட்ஜ். இதைவிடப் பெரிய பொருத்தம் கிடைக்காது. சராசரி 1 கோடியே 58 லட்சம். மக்கள்தொகையோ இப்போது 34 கோடி. ஐந்தில் ஒருவர் பார்த்த போட்டியை இன்று இருபதில் ஒருவர்கூடப் பார்ப்பதில்லை. உங்களுக்கு மிகச் சாதகமான வருடத்தை எடுத்துக்கொண்டாலும் இதுதான் நிலைமை.

1978-இல் மூன்றே மூன்று நெட்வொர்க்குகள்தான் இருந்தன, இன்று கைபேசியும் ஸ்ட்ரீமிங்கும் இருக்கின்றன, எல்லா நிகழ்ச்சிகளுமே கூட்டத்தை இழந்திருக்கின்றன என்று சொல்வீர்கள். சரி, அது உண்மைதான். பேஸ்பால் மட்டும் தனியாகத் தேய்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதே கைபேசிக் காலத்தில்தான் 2025 சூப்பர் பவுலை, அதாவது அமெரிக்க ஃபுட்பாலின் இறுதி ஆட்டத்தை, 12 கோடியே 77 லட்சம் பேர் பார்த்தார்கள். அது ஞாயிற்றுக்கிழமை, கிழக்கு நேரம் மாலை ஆறரைக்குத் தொடங்குகிறது. கிழக்குக் கரையில் பத்து வயதுப் பிள்ளை கடைசிவரை பார்த்துவிட்டுப் படுக்கப் போகலாம். ஒரே ஒரு ஆட்டம், அதையும் ஏழு ஆட்டத் தொடரையும் ஒப்பிடக் கூடாது என்பீர்கள். கூட்டத்தின் அளவை ஒப்பிட வேண்டாம், தொடங்கும் நேரத்தை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

2024 அக்டோபர் 30, புதன்கிழமை. ஐந்தாவது ஆட்டம், யாங்கீ ஸ்டேடியம். எங்கள் பகுதிப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் யாங்கீஸ் பைத்தியம். முதல் இன்னிங்ஸில் ஜட்ஜ் ஒரு ஹோம் ரன், அடுத்து வந்த சிஷோமும் ஒரு ஹோம் ரன். மூன்றாவது இன்னிங்ஸில் ஸ்டான்டன் இன்னொன்று. 5-0. மறுநாள் பள்ளிக்கூடம், அதோடு ஹாலோவீன் வேறு. மகளைப் படுக்க அனுப்பினோம். சிரித்துக்கொண்டே போனாள். அந்தத் தெருவில் எத்தனையோ வீட்டில் அதே நேரத்தில் அதே மாதிரிதான் நடந்திருக்கும்.

அப்புறம் ஐந்தாவது இன்னிங்ஸ் வந்தது. மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நேராகக் கைக்கு வந்த பந்தை ஜட்ஜ் நழுவவிட்டார். வோல்பி மூன்றாவது பேஸுக்கு எறிந்த பந்து தரையில் குத்தி விலகிப் போனது. மூன்று பேஸிலும் ஆட்கள். அந்த நெருக்கடியிலும் யாங்கீஸ் பிட்சர் கோல் இரண்டு பேரை வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதில் ஒருவர் ஒஹ்தானி. இன்னும் ஒரே ஒரு அவுட் வேண்டும். டாட்ஜர்ஸின் பெட்ஸ் மெதுவாக உருட்டிய பந்தை யாங்கீஸின் முதல் பேஸ் ஆட்டக்காரர் ரிசோ எடுத்தார், ஆனால் முதல் பேஸில் வாங்குவதற்கு ஆள் இல்லை. கோல் அங்கே ஓடி வரவில்லை. அந்த ஒரு தயக்கத்தில் இருந்து எல்லாம் அவிழ்ந்து 5-5 ஆனது. நள்ளிரவை ஒட்டி டாட்ஜர்ஸ் 7-6 என்று ஜெயித்துக் கோப்பையையும் வாங்கிவிட்டார்கள். உலகத் தொடர் வரலாற்றில் பேசிக்கொண்டே இருக்கப்போகும் ஒரு அரை மணி நேரம் அது. பிட்சர் ஏன் ஒவ்வொரு முறையும் முதல் பேஸை நோக்கி ஓட வேண்டும் என்று எங்கள் பயிற்சியாளர் மாதக்கணக்காகச் சொல்லிக்கொடுப்பதை, அந்த ஒரே பந்தில் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருப்பார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் எழுந்ததும் "ஜெயிச்சாச்சாப்பா?" என்றுதான் கேட்டாள்.

சனிக்கிழமை காலைப் பயிற்சியில் நான் ஸ்கோர் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தபோது பயிற்சியாளர் பிள்ளைகளிடம் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார். எல்லோருக்கும் முடிவு தெரிந்திருந்தது. ஜட்ஜ் பந்தை நழுவவிட்டதும் தெரிந்திருந்தது, கைபேசியில் பார்த்திருந்தார்கள். கோல் ஓடாததைப் பற்றி ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. அதற்கு முன் அவர் எடுத்த இரண்டு ஸ்ட்ரைக் அவுட்டும் தெரியவில்லை. துண்டு வீடியோவில் விபத்து மட்டும்தான் இருக்கும். அது எப்படி வந்தது, எப்படித் தப்பித்திருக்கலாம் என்பது இருக்காது. இந்த விளையாட்டின் ருசியே அதில்தானே இருக்கிறது?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு பேஸ்பால் பிடிக்காது, அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று பலர் எழுதுகிறார்கள். எங்கள் மைதானத்துக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பையன் ஒவ்வொரு பந்தையும் விட்டுவிட்டு, சோட்டோவைப்போலக் காலை அகட்டி மண்ணைத் தேய்த்துப் பிட்சரை முறைக்கிறான். இன்னொருத்தி ஒஹ்தானி மாதிரியே பிட்சிங்கும் செய்வேன், பேட்டிங்கும் செய்வேன் என்று அடம்பிடிக்கிறாள். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. அந்த ஆர்வத்தை ஒரு முழு ஆட்டத்தோடு சேர்த்துவைக்கும் நேரம்தான் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

ஒருகாலத்தில் கொடுக்கப்பட்டது. 1971 வரை உலகத் தொடரின் எல்லா ஆட்டங்களும் பகலில்தான் தொடங்கின. அந்த வருடம் அக்டோபர் 13 அன்று பிட்ஸ்பர்கில் நடந்த நான்காவது ஆட்டம்தான் முதல் இரவு ஆட்டம். அதற்குப் பெருங்கூட்டம் கிடைத்தது, மறுக்கவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் வாரநாளில் பார்க்க முடிந்தது, அது நியாயமான காரணமும்கூட. ஆனால் வாரநாளுக்காகச் செய்த ஏற்பாடு மெல்ல மெல்ல வாரக்கடைசியையும் விழுங்கிவிட்டது. 1976-இல் சின்சினாட்டியில் ஞாயிறு இரவு ஆட்டத்தில், குளிர் ஒன்றும் பெரிதில்லை என்று காட்டுவதற்காக அன்றைய ஆணையர் பௌயி கூன் மேல்கோட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்த கதையை இன்றும் சொல்கிறார்கள். திறந்த மைதானத்தில் பகலில் நடந்த கடைசி உலகத் தொடர் ஆட்டம் 1984-இல் டெட்ராய்டில். கூரை போட்ட மைதானத்தையும் சேர்த்தால் 1987-இல் மினியாபொலிஸில் நடந்த ஆறாவது ஆட்டம். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. 1987-க்குப் பிறகு பிறந்தவர்களில் இன்று தலை நரைக்கத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். உலகத் தொடரை வெயிலில் பார்த்த அனுபவமே இல்லாத ஒரு தலைமுறை இப்போது பெற்றோர் ஆகியிருக்கிறது.

1987 என்று எழுதும்போது எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. அதே அக்டோபரில், சென்னை சேப்பாக்கத்தில், உலகக் கோப்பையின் முதல் ஆட்டங்களில் ஒன்றில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. நான் அப்போது சின்னப் பையன். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன் தரையில் உட்கார்ந்து தூர்தர்ஷனில் கடைசிப் பந்துவரை பார்த்தேன். அந்த உலகக் கோப்பை முழுக்கப் பகலில்தான் நடந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் பைத்தியம் ஆனதற்கு யாரும் விளம்பரம் செய்யவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே ஆட்டம் முடிந்தது, முடிந்த கையோடு மட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினோம், அவ்வளவுதான். தோற்ற ஆட்டமாக இருந்தும் அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

இப்போது உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 30, கோப்பைக்கான சுற்றுகளில் முதலாவதான வைல்டு கார்டு சுற்றின் முதல் நாள். டெட்ராய்ட் – கிளீவ்லாந்து ஆட்டம் செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணி எட்டு நிமிடத்துக்குத் தொடங்கியது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் அந்த நேரத்தில் வகுப்பில் இருப்பார்கள். ஒரு மாதம் கழித்து இறுதிப் போட்டி வரும்போது அதே பிள்ளைகள் படுக்கையில் இருப்பார்கள். பகலில் ஆட முடியாது என்பது காரணமாக இருந்தால் முதல் சுற்றைப் பகலில் ஆடியிருக்க முடியாதே. மாலை வெயிலில் பிட்சருக்கும் பேட்டருக்கும் நடுவே நிழல் விழும், பந்து தெரியாது என்று ஆட்டக்காரர்கள் சொல்வது உண்மை. ஆனால் முதல் சுற்றில் பொறுத்துக்கொள்ளும் நிழலை இறுதிச் சுற்றிலும் பொறுத்துக்கொள்ளலாம்.

உண்மையான காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. சமீப வருடங்களில் உலகத் தொடர் வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. இரண்டாவது ஆட்டம் சனிக்கிழமை. ஞாயிறு பயண நாள் என்று விடுமுறை. அன்று என்எஃப்எல், அதாவது தொழில்முறை ஃபுட்பால், ஆட்டங்கள் இருக்கின்றன. பிறகு திங்கள், செவ்வாய், புதன். ஆறாவது ஆட்டம் வெள்ளி, ஏழாவது சனி. சனிக்கிழமை பகலில் கல்லூரி ஃபுட்பால். உலகத் தொடரை ஒளிபரப்பும் ஃபாக்ஸ்தான் அதையும் ஒளிபரப்புகிறது. ஆக, நாட்டின் மிகப் பழைய தொழில்முறை விளையாட்டுகளில் ஒன்றின் இறுதிப் போட்டிக்கு மற்ற விளையாட்டுகள் எடுத்தது போக மிஞ்சிய நேரம்தான் கிடைக்கிறது. அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது நீங்கள்தான். நெட்வொர்க்கைக் குறைசொல்ல மாட்டேன், தனக்கு எது லாபமோ அதை அவர்கள் கேட்பார்கள். விளையாட்டுக்கு எது நல்லது என்று கேட்க வேண்டிய பொறுப்பு ஆணையர் நாற்காலிக்கு உரியது.

கிழக்கில் எட்டு மணி என்றால் மேற்கில் ஐந்து மணி. லாஸ் ஏஞ்சலிஸில் வேலைக்குப் போனவர்கள் அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். வாரநாளில் இரண்டு கரைக்கும் பொருந்தும் நேரம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமையில் அந்தச் சிக்கல் இல்லை. கிழக்கில் மாலை நான்கு மணிக்குத் தொடங்கினால் மேற்கில் மதியம் ஒரு மணி. இரண்டு இடத்திலும் பிள்ளைகள் விழித்திருப்பார்கள், பெற்றோர் வீட்டில் இருப்பார்கள். 2025-இன் ஏழாவது ஆட்டம் சனிக்கிழமையில்தான் நடந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் ரோஹாஸ் அடித்த ஹோம் ரன், பதினொன்றாவதில் ஸ்மித் அடித்தது, முந்தின நாள் பந்துவீசிய யாமமோட்டோ மறுபடி வந்து முடித்துவைத்தது, இதெல்லாம் நான்கு மணிக்குத் தொடங்கியிருந்தால் எட்டரைக்குள் முடிந்திருக்கும். ஆனால் டொரன்டோவில் நள்ளிரவு தாண்டித்தான் முடிந்தது. அதற்கு முந்தைய திங்கட்கிழமை, மூன்றாவது ஆட்டம் பதினெட்டு இன்னிங்ஸ் போனது. ஒஹ்தானி ஒன்பது முறை பேஸ் ஏறிய அந்த ஆட்டம் கிழக்கில் அதிகாலை மூன்று மணியை நெருங்கும்போதுதான் ஃப்ரீமன் கையால் முடிந்தது. ஆட்டம் நீண்டதற்கு யாரும் பொறுப்பில்லை. எட்டு மணிக்குத் தொடங்கியதற்குப் பொறுப்பு உண்டு.

2010-இல் டெக்சாஸில் நடந்த மூன்றாவது ஆட்டத்தைச் சனிக்கிழமை கிழக்கு நேரம் ஏழு மணிக்குச் சற்று முன் தொடங்கிப் பார்த்தார்கள், கூட்டம் கூடவில்லை என்று உங்கள் ஆட்கள் எடுத்துக்காட்டலாம். ஒரு வருடத்தில் ஒரு ஆட்டத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியதில் எந்தப் பழக்கமும் உருவாகாது. பத்து வயதில் பார்த்தவர் முப்பது வயதில் தன் பிள்ளையோடு பார்ப்பாரா என்பதுதான் அளவுகோல். அதற்குப் பத்து வருடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும்.

பகலில் பார்க்க ஆள் வராது என்பவர்களுக்கு ஜப்பான் பதில் சொல்லிவிட்டது. அங்கே உங்கள் இரவு ஆட்டம் காலை ஒன்பது மணிக்கு வருகிறது. 2024-இன் இரண்டாவது ஆட்டம் அங்கே ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள், அமெரிக்காவில் அதே ஆட்டத்தைப் பார்த்தவர்களைவிட அதிகம். மக்கள்தொகையில் அமெரிக்காவின் பாதிகூட இல்லாத நாடு அது. ஒஹ்தானியும் யாமமோட்டோவும் அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் என்பது முக்கியக் காரணம்தான். ஆனால் குடும்பம் முழுக்க விழித்திருக்கும் ஒரு விடுமுறைக் காலையில் ஆட்டம் வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உங்களால் மாற்ற முடியாது என்று நான் நினைக்கவில்லை. 2023-இல், பிட்சர் இத்தனை நொடிக்குள் பந்தை எறிய வேண்டும் என்ற பிட்ச் கடிகாரத்தைக் கொண்டுவந்தீர்கள். நூற்றாண்டுப் பழக்கத்தைத் தொடாதே என்று எத்தனை பேர் கத்தினார்கள். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் ஒரே வருடத்தில் 3 மணி 4 நிமிடத்தில் இருந்து 2 மணி 40 நிமிடத்துக்கு வந்தது. இன்று அதைத் திரும்ப எடுக்கச் சொல்ல யாரும் இல்லை. அது நல்ல வேலை, பாராட்டுகிறேன். ஆனால் மிச்சம்பிடித்த நேரத்தை அக்டோபரில் விளம்பரத்துக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். சாதாரண நாளில் இன்னிங்ஸ் இடைவேளை இரண்டு நிமிடம் சொச்சம். பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான சுற்றுகள், வந்தால் அது மூன்று நிமிடத்தைத் தொடுகிறது. ஒரு ஆட்டத்துக்கு இப்படிப் பதினேழு இடைவேளை. நான் மேலே சொன்ன யாங்கீ ஸ்டேடியம் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ்தான், 3 மணி 42 நிமிடம் ஓடியது. பிள்ளைகள் தூங்கிப்போவது ஆட்டத்தின் நடுவில் இல்லை, அந்த மூன்று நிமிடங்களில்தான். அதிலும் சூதாட்டச் செயலி விளம்பரங்கள் வேறு. பத்து வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களுக்கு அது எவ்வளவு சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். அக்டோபரில் யாரும் பார்ப்பதில்லை என்றால் ஏப்ரலில் இருந்து செப்டம்பர்வரை யாரைப் பார்க்க விட்டீர்கள் என்று கேட்க வேண்டும். ஐயோவா மாநிலத்தில் ஒரு மேஜர் லீக் அணியும் இல்லை. ஆனால் ஆறு அணிகள் அதைத் தங்கள் எல்லை என்கின்றன: சிகாகோவின் இரண்டு அணிகள், செயின்ட் லூயிஸ், கான்சஸ் சிட்டி, மினசோட்டா, மில்வாக்கி. அதனால் அங்கே ஸ்ட்ரீமிங் சந்தா கட்டியவருக்கும் இந்த ஆறு அணிகளின் ஆட்டமும் கறுப்புத் திரைதான், அதாவது ஒளிபரப்புத் தடைதான். அந்த மாநிலத்தின் டெ மொய்ன் நகரில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் மகனுக்குச் சிகாகோ கப்ஸ் அணி என்றால் உயிர். காசு கட்டிய பிறகும் பையன் வானொலியில்தான் கேட்டான். கப்ஸின் மைதானமான ரிக்லி ஃபீல்டுக்குக் காரில் போக ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். கேபிள் நிறுவனங்களுக்காகப் போட்ட எல்லை அது. அந்தக் கேபிள் வியாபாரமே ஆட்டம் கண்டுவிட்டது, 2023 மார்ச்சில் மிகப் பெரிய வட்டார விளையாட்டு நெட்வொர்க் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. எல்லை மட்டும் அப்படியே நிற்கிறது.

தேசிய ஒளிபரப்பிலும் இதே கதை. வெள்ளிக்கிழமை ஆட்டம் ஆப்பிளில், வேறொன்று ஃபாக்ஸில், இன்னொன்று டிபிஎஸ்ஸில். 2026-இல் இருந்து என்பிசி, பீகாக், நெட்ஃபிளிக்ஸ் என்று வரிசை இன்னும் நீள்கிறது. எங்கள் வீட்டில் தினமும் பார்க்கும் எனக்கே இன்றைய ஆட்டம் எதில் என்று தேட வேண்டியிருக்கிறது. அரிசோனாவின் கரோலையும் டெக்சாஸின் சீகரையும் ஆறு மாதம் பார்க்கவே விடாமல், அக்டோபரில் திடீரென்று நாடே அவர்களைப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் 91 லட்சம் பேர்தான் வருவார்கள். அந்தத் தொடரில் ஆட்டம் மோசமில்லை. முதல் ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் சீகர் சமன் செய்ததும் பதினொன்றாவதில் கார்சியா முடித்ததும் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

2026 டிசம்பர் 1 அன்று ஆட்டக்காரர் சங்கத்தோடு உள்ள ஒப்பந்தம் முடிகிறது. கதவடைப்பு வரும் என்ற பேச்சு எங்கும் இருக்கிறது. 1994-இல் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே ரத்தானது. இரண்டு உலகப் போர்களிலும் நிற்காத தொடர் அது. அடுத்த வருடம் பார்வையாளர்கள் திரும்பி வர எவ்வளவு தயங்கினார்கள் என்பதை உங்கள் அலுவலகத்தில் பழையவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

இப்போது என் கோரிக்கைகள். உங்கள் தேசியத் தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் எல்லாம் 2028 பருவத்தோடு முடிகின்றன. உங்கள் பதவிக்காலம் 2029 ஜனவரியில் முடிகிறது, அதற்குமேல் தொடரப்போவதில்லை என்று நீங்களே அறிவித்துவிட்டீர்கள். அதாவது அடுத்த ஒப்பந்தம் உங்கள் மேசையில்தான் எழுதப்படும். அந்த ஒப்பந்தத்தில், உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டமும் ஏழாவது ஆட்டமும், அதாவது இரண்டு சனிக்கிழமை ஆட்டங்களும், கிழக்கு நேரம் மாலை நான்கு மணிக்கு மேல் தாமதிக்காமல் தொடங்கும் என்று எழுத்தில் சேருங்கள். ஒரு வருட சோதனை வேண்டாம், ஒப்பந்தக் காலம் முழுக்க. வாரநாள் ஆட்டங்களை ஏழு மணிக்குத் தொடங்குங்கள். அதற்குக் குறைந்த பணம்தான் கிடைக்கும் என்றால் முப்பது உரிமையாளர்களும் அந்தக் குறைவை ஏற்க வேண்டும். இந்த மடலை அவர்களுக்கும் சேர்த்து எழுதுவதே அதற்காகத்தான்.

பிளேஆஃப் இடைவேளைகள் சாதாரண நாள் இடைவேளையைவிட ஒரு நொடிகூட நீளக் கூடாது. உலகத் தொடர் ஒளிபரப்பில் சூதாட்ட விளம்பரம் வேண்டாம். ஆன்டெனா வைத்திருக்கும் எந்த வீட்டிலும் காசு கட்டாமல் உலகத் தொடர் தெரிய வேண்டும், எவ்வளவு பெரிய தொகை வந்தாலும் அதை முழுக்க ஸ்ட்ரீமிங்குக்கு விற்காதீர்கள். ஐயோவா போன்ற இடங்களில் கறுப்புத் திரையை 2028வரை காத்திருக்காமல் இப்போதே அகற்றுங்கள். தொழிலாளர் பேச்சுவார்த்தை எப்படிப் போனாலும் ஒரு உலகத் தொடரைக்கூட ரத்து செய்ய மாட்டோம் என்று நீங்களும் உரிமையாளர்களும் பகிரங்கமாகச் சொல்லுங்கள்.

இவற்றில் புதிய ஒப்பந்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று உண்டு. ஃபாக்ஸோடு பேசி, அடுத்து வரும் உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தைச் சனிக்கிழமை பகலுக்கு மாற்றுங்கள். முடியும் என்றால் தேதியும் நேரமும் அறிவியுங்கள். முடியாது என்றால் யார் மறுத்தார்கள், என்ன காரணம் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். உங்கள் பதிலை எங்கள் அணிப் பெற்றோர் கூட்டத்தில் படித்துக்காட்டுவேன், இங்கே தமிழிலும் வெளியிடுவேன்.

இப்படிக்கு,
சிறுவர் அணி ஒன்றுக்கு ஸ்கோர் எழுதும் ஒரு தகப்பன்,
நியூ ஜெர்சி